பீப்பியின் கை நடுங்கவில்லை

மருந்து தீர்ந்து நெபுலைசர் வெறும் காற்றைத் துப்ப ஆரம்பித்த பிறகும் பீப்பியின் கை நடுங்கவில்லை.

ஊரில் எல்லோரும் கை நடுங்கினால்தான் பயப்படுவார்கள். நர்ஸாக இருப்பவளுக்கோ நடுங்காவிட்டால்தான் பயம். இழுப்புக்குக் கொடுக்கிற சால்பியூட்டமால் உள்ளே போனால் மூச்சுக்குழாய் விரியும், நெஞ்சு படபடக்கும், விரல் நுனிகள் லேசாக உதறும். படிக்கும்போது அதைப் பக்கவிளைவு என்று எழுதி மார்க் வாங்கியவள்தான் சிஸ்டர். ஆனால் வார்டில் அவளுக்கு அது மருந்து போய்ச் சேர்ந்ததற்கான ரசீது.

கட்டிலில் கிடப்பவன் அவள் கூடப்பிறந்த தம்பி. சின்ன வயதில் இழுப்பு வந்தால் நெஞ்சு ஊதல் மாதிரி சத்தம் போடும், அதனால் வீட்டில் பீப்பி. கல்யாணமாகி, முன்மண்டையில் வழுக்கை விழுந்து, லாரி ரிப்பேர் செய்கிற பெரிய மெக்கானிக் ஆன பிறகும் பீப்பிதான்.

"கையை நீட்டுடா."

நீட்டினான். சுவரில் அடித்த ஆணி மாதிரி அசையாமல் நின்றது.

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான்... இருக்கு... அக்கா."

ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துச் சொல்கிறான். அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பழைய வார்டு அது. மற்ற நோயாளிகளையெல்லாம் மத்தியானமே புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இவன் ஒருவனுக்கு மட்டும் அங்கே ஆக்சிஜன் உள்ள படுக்கை காலியாகவில்லை. சாயங்கால மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் முழங்கால் தண்ணீர். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிகிற சத்தமும், சுவர்க்குழாயில் ஆக்சிஜன் உஸ்ஸென்று வருகிற சத்தமும், ஈரச் சுண்ணாம்பும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனையும், இவற்றுக்கெல்லாம் அடியில், இரும்பு இரும்பில் மோதுகிற மாதிரி ஒரு சின்னக் கிடுகிடுப்பும்.

பக்கத்துக் கட்டில். மெத்தையும் தலையணையும் மட்டும் போட்ட காலிக் கட்டில். அதன் தடுப்புக் கம்பிதான் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

"ஜெனரேட்டர் அதிர்வு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜெனரேட்டர் ஓடவில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

டாக்டரைப் போனில் பிடித்தாள். "இப்ரட்ரோப்பியமும் சேர்த்துக் குடுங்க சிஸ்டர், தண்ணி வடிஞ்சதும் ஆளை அனுப்புறேன்," என்றார். சேர்த்துக் கொடுத்தாள். அந்த மருந்துக்கு வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், எல்லோரும் தண்ணீர் கேட்பார்கள். பீப்பி கேட்கவில்லை. அவள் தன் தண்ணீர் பாட்டிலைக் காலிக் கட்டிலின் பக்கத்து மேஜையில் வைத்திருந்தாள், மூடியைத் திறந்தபடி. மடக், மடக் என்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். பாட்டிலில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் சாயவில்லை. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஓடிவிடலாமா என்று கால் கேட்டது. எங்கே ஓடுவது? சிலிண்டர்களெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன. சுவர்க்குழாயை விட்டு இவனை நகர்த்தினால் வாசல் தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

அப்போதுதான் மருந்துப் புகையைக் கவனித்தாள். மாஸ்க்கின் ஓட்டை வழியாகக் கசிந்து மேலே கலைய வேண்டிய வெள்ளைப் புகை, நூல் பிடித்த மாதிரி சன்னமாகப் பக்கவாட்டில் ஓடி, காலித் தலையணைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காணாமல் போயிற்று. விட்டுவிட்டு. மூச்சு இழுக்கிற கணக்கில்.

பீப்பியின் ஊதல் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள், "இழுப்பு நின்னுடுச்சு சிஸ்டர்!" என்று. நின்றது இழுப்பு இல்லை, காற்று. ஊதக்கூடக் காற்று போகவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அவன் நகம் நீலம் பாரித்திருந்தது. விரலில் மாட்டிய கிளிப் ஆக்சிஜன் எண்பத்து நான்கு என்று காட்டியது.

ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிளிப்பைக் கழற்றிக் காலி மெத்தையின் மேல் வைத்தாள்.

அது கவ்விக்கொண்டது.

எதையோ.

பீப். பீப். பீப். ஆக்சிஜன் தொண்ணூற்று ஒன்பது. நாடி நூற்று நாற்பது.

படபடப்பு. வறட்சி. நடுக்கம். ரசீதெல்லாம் இந்தக் கட்டிலுக்குப் போயிருக்கிறது.

பயத்தின் அடியாழத்திலிருந்து அவளுக்கு வந்தது கோபம். அப்படி ஒரு கோபம்! "அடப்பாவி, என் தம்பி மருந்தையா குடிக்கிறே?"

எமர்ஜென்சி டிரேயைத் திறந்தாள். ப்ரோப்ரனலால். துடிப்பைக் குறைக்கிற ஊசி மருந்து. ஆஸ்துமாக்காரன் பக்கமே கொண்டுபோகக் கூடாது, மூச்சுக்குழாய் இறுகிவிடும் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்த மருந்து. கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்தாள். நெபுலைசரில் புதிதாக ஒரு மாஸ்க்கை மாட்டி அதன் கிண்ணத்தில் ஊற்றினாள். காலித் தலையணையின் மேல் கவிழ்த்து அழுத்தினாள்.

பிளாஸ்டிக்குக்கு அடியில் ஒரு மூக்கு இருந்தது. தாடை இருந்தது.

"நல்லா இழு," என்றாள், எல்லா நோயாளியிடமும் சொல்கிற அதே குரலில். "வாயைத் திறந்து நல்லா இழு."

இழுத்தது. கம்பி ஆட்டம் நின்றது. நாடி நூறு. எழுபது. பிறகு ஊதல். பீப்பியின் ஊதல் இல்லை, கரகரத்த, வயதான, ஈரமான ஊதல். ஏதோ ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பனிக்கட்டிச் சில்லிப்பு.

"சிஸ்டர்..." என்றது மாஸ்க். "எனக்கும்... மூச்சு..."

ஒரு நொடி கை தளர்ந்தது. பாவமாக இருந்தது அவளுக்கு, பொய் சொல்வானேன். பிறகு தம்பியின் நீல நகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு முடிஞ்சு போச்சு. அவனுக்கு இன்னும் முடியலை."

அழுத்தினாள். ஊதல் நின்றது. பிடி விட்டது.

ஓடிப்போய் சால்பியூட்டமாலை ஊற்றித் தம்பிக்கு மாட்டினாள். புகை நேராக அவன் வாய்க்குள் போயிற்று. ஒரு மூச்சு. இன்னொன்று. உதடு சிவந்தது. போர்வையின் மேல் கிடந்த அவன் விரல்கள் மெல்ல, மெல்ல உதற ஆரம்பித்தன.

"நடுங்குதுடா! கை நடுங்குதுடா பீப்பி!" அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா," என்றான், இந்த முறை உடைக்காமல். "அவங்கல்லாம் ஏன் எழுந்து உட்கார்றாங்க?"

திரும்பினாள். வார்டின் கோடிவரைக்கும் காலிக் கட்டில்கள். வரிசையாக ஒவ்வொரு மெத்தையும் நடுவில் பள்ளமாக அமுங்கியது, ஆள் நகர்ந்து விளிம்புக்கு வருகிற மாதிரி. தம்பி மாஸ்க்கிலிருந்து கிளம்பிய புகை இப்போது ஒரு நூலாக ஓடவில்லை. பல நூல்களாகப் பிரிந்தது.

டிரேயில் அந்த ஊசி மருந்து இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

சிஸ்டர் கண்ணைத் துடைத்தாள். தம்பிக்கும் கட்டில்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தாள்.

"தள்ளாதீங்க," என்றாள். "ஒவ்வொருத்தரா வாங்க."

தரையில், கால்கள் இல்லாமல், காலடிகள் மட்டும் விழுந்தன. வரிசையில் இல்லை. எல்லாம் சேர்ந்து.