வெள்ளைப் புள்ளி

முதல் படத்திலேயே ஒரு தூசி இருந்தது.

மற்றவர்கள் கண்ணுக்கு அது பட்டிருக்காது. படம் ஓர் ஆள் உயரம். கறுப்பு வெள்ளை. ஆற்றை நோக்கி இறங்கும் நீளமான படிக்கட்டு, அதன் அடியில் அடர்ந்த இருட்டு. அந்த இருட்டின் நடுவில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கண்காட்சிக்குள் நுழைந்த இரண்டாவது நிமிடமே டச்சிங்காரர் அதைப் பிடித்துவிட்டார். பிடித்ததும் மனசு குளிர்ந்துபோனது. அன்று காலையிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான்.

பிரிண்டில் விழும் குறைகளை மறைப்பதுதான் டச்சிங், முப்பது வருடமாக அவர் சோறு தின்றதே தூசியில். நெகட்டிவில் ஒரு தூசி உட்கார்ந்தால் பிரிண்டில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். மூன்று மயிர் பிரஷ்ஷின் நுனியை நாக்கில் தொட்டு, காய்ந்த மையில் தொட்டு, புள்ளியின்மேல் புள்ளியாக வைத்து, சுற்றியிருக்கும் நிறத்தோடு சேர்த்துவிட வேண்டும். வைத்தது தெரியக் கூடாது. தெரிந்தால் அது வேலையே இல்லை. கறுப்புப் புள்ளி என்றால் பிளேடு நுனியால் சுரண்ட வேண்டும். அதற்கு அவர் பயப்படுவார். சுரண்டினால் தாளின் தோலோடு அங்கே இருந்த படமும் போய்விடும், போனது வராது.

அப்பாவின் ஸ்டூடியோவில் தம்பி படம் எடுத்தான், இவர் தூசி எடுத்தார். பத்து வருடம் அப்படி ஓடியது. பிறகு தம்பி கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான், தேசம் தேசமாகச் சுற்றினான், பெரிய ஆளானான். இவர் பாஸ்போர்ட் படங்களில் அடுத்தவர்களுடைய மருக்களை மறைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தார். தம்பியின் பழைய படங்களைப் பத்திரிகைகள் தூக்கிவைத்துக் கொண்டாடின. அந்தப் படங்களில் அண்ணனின் எச்சில் காய்ந்திருப்பது எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் தெரியவில்லை.

இப்போது இந்தப் பெரிய நகரத்தில், நாலு மாடிக் கட்டடத்தின் ஒரு தளம் முழுக்கத் தம்பியின் படங்கள். 'ஆளில்லாத இடங்கள்' என்று பெயர். எந்தப் படத்திலும் மனிதர் கிடையாது. கண்ணாடி போடாமல் மாட்டியிருந்தார்கள். கண்ணாடி இல்லாமல் பார்த்தால்தான் படம் மூச்சு விடுமாம், தம்பியின் பழைய தத்துவம். அவன் ஊரில் இல்லை. அழைப்பு வந்தது, அதுவும் அண்ணனுக்கு வரவில்லை, அண்ணியின், அதாவது இவர் மனைவியின், போனுக்கு வந்தது.

அவள் அந்த முதல் படத்தின் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். வெளியே மழை. மழைக்கோட்டைக் கழற்றக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி வைத்தது. போன மாதம் அவள் பிறந்தநாளுக்குத் தம்பி எங்கிருந்தோ அனுப்பியது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் மரத்தரையில் அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தது. அவள் கண்ணும் நனைந்திருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில், அவர் ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்த எந்தப் படத்தையும் பார்த்து அவள் அழுததில்லை. எப்படி அழுவாள், அவர் வேலை எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்ட முடிந்தால்தானே. மேஜை விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறாள், டீ கொண்டுவந்து வைத்திருக்கிறாள், அவருடைய முதுகைத் தேய்த்துவிட்டிருக்கிறாள். வேறு யாரும் அவருக்கு அதையெல்லாம் செய்ததில்லை. அதெல்லாம் அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

"அங்க பாரு. அடியில. தூசி," என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவர் விரலை நீட்டி இடத்தைக் காட்டினார். அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

"இவ்வளவு பெரிய படத்துல உங்களுக்குத் தூசிதான் தெரியுது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பாவம் என்கிற மாதிரி சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் தம்பி எழுதிய முன்னுரை பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதை வாசித்துவிட்டு வருகிறேன் என்றாள் அவள். அவனுடைய பெருமையை அவனே எழுதி அதை நான் நின்று வேறு படிக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு, அவர் அடுத்த அறைக்கு நடந்தார்.

மழை நாள், வேறு ஆட்கள் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி அம்மாவைத் தவிர அந்தத் தளத்தில் அவர்கள் இருவர்தான். பிற்பகல் வெளிச்சம் உயரமான ஜன்னல்களில் சாம்பலாகத் தேங்கி நின்றது. ஈரத்தை இழுக்கும் இயந்திரம் எங்கோ மூலையில் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில், இங்கே இருக்கவே நியாயமில்லாத ஒரு புளித்த வாசனை, அப்பாவின் இருட்டறையில் தட்டுகளில் கிடந்த, பிரிண்ட் ஊறவைக்கும் ஹைப்போ மருந்தின் வாசனை, மெல்ல மெல்ல மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கழுவி உலர்த்திய பிரிண்ட் அப்படி மணக்காது. ஈரம் காயாத பிரிண்ட்தான் மணக்கும்.

இரண்டாவது அறையில் ஒரு சுரங்கப்பாதை. வளைந்து போகும் சுவர், வரிசையாக விளக்குகள், கடைசியில் இருட்டு. அந்த இருட்டில் வெள்ளைப் புள்ளி. இப்போது கடுகு அளவில்லை, அரிசி அளவு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முதலில் சிரித்துக்கொண்டார். நான் இல்லாமல் இவன் லட்சணம் இதுதான். ஆனால் தூசிக்கு ஒரு குணம் உண்டு, ஒரு நெகட்டிவில் விழுந்த மாதிரி இன்னொன்றில் விழாது. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சின்ன லென்ஸை எடுத்து, படத்தின் முன்னால் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் குனிந்தார். தூசிக்கு ஓரம் பிசிறாக இருக்கும். இதற்கு ஓரம் ஒழுங்காக இருந்தது. மேலே குறுகி, கீழே அகன்று. கீழே இரண்டு கோடுகள்.

கால்கள்.

பின்னால் மழைக்கோட்டு உரசும் சரசரப்பு கேட்டது. திரும்பினார். அவள் வரவில்லை. வாசல் வழியாக அந்தப் பக்கம் அவளுடைய தோள் மட்டும் தெரிந்தது, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது அறைக்குப் போகும்போது தன் நடை வேகமாகியிருப்பதை அவர் கவனித்தார். மூடிய கடை ஒன்றின் ஓடாத எஸ்கலேட்டர். அதன் நடுப்படியில், நகத்தளவு உயரத்தில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி ஏறிவந்துகொண்டிருந்தாள். தலையில் தொப்பி. லேசாக இடப்பக்கம் சாய்ந்த நடை. அந்தச் சாய்வை அவர் இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறார்.

லென்ஸைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

ஆளில்லாத இடங்களாம். இவளை எங்கே கூட்டிப்போனான்? எப்போது போனாள்? தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று போன வாரமா? படத்துக்குக் கீழே எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வருடமும், கடலுக்கு அந்தப் பக்கத்து நகரம் ஒன்றும் எழுதியிருந்தது. அவளிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. கோட்டு வந்தே ஒரு மாதம்தான் ஆகிறது. இது நடக்கவே நடக்காத காரியம் என்று புத்தி மெல்லச் சொன்னது. பயப்பட வேண்டிய இடம் அது. பொறாமைப்பட்டவனுக்குப் பயம் தாமதமாகத்தான் வரும். அவன் படத்தில் இவள் இருக்கிறாள், இத்தனை வருடத்தில் என் படம் ஒன்றில்கூட இவள் இல்லை. இது ஒன்றுதான் அவர் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னங்க." அவள் குரல். முதல் அறையிலிருந்து.

அவர் அடுத்த அறைப் பக்கம் திரும்பினார். கூப்பிடட்டும்.

நான்காவது அறை கடைசி அறை, அதற்கு வேறு வழி இல்லை. ஒரே படம். ஏதோ ஒரு குடியிருப்பின் நீண்ட நடைபாதை, இருபுறமும் மூடிய கதவுகள். ஹைப்போ வாசனை இங்கே கண்ணைக் கரித்தது. நடைபாதையின் நடுவில் அவள் நின்றாள். கட்டைவிரல் நீளம். கோட்டின் பித்தான்கள் தெரிந்தன. வலது கை உயர்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. லென்ஸே வேண்டியிருக்கவில்லை. முகம் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, கூட்டத்தில் தெரிந்தவரைப் பார்த்துக் கூப்பிடுவது மாதிரி.

பிரஷ் கையில் வந்துவிட்டிருந்தது. சட்டைப்பையில் அதோடு இருக்கும் தகர மை டப்பியைத் திறந்தார். நுனியை நாக்கில் தொட்டார். மையின் கசப்பு. முப்பது வருடக் கசப்பு.

பாதத்தில் ஆரம்பித்தார். தரையின் சாம்பல் நிறத்தைப் பிடிக்க மூன்று புள்ளி போதுமாக இருந்தது. கால்கள் போயின. கை இதற்குமுன் எப்போதும் இப்படி ஓடியதில்லை. அவர் வைக்க நினைக்கும் முன்பே புள்ளி விழுந்தது.

"என்னங்க, இங்க வாங்களேன்."

குரல் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. கோட்டு போனது, பித்தான் பித்தானாக. நாக்கு, மை, தாள். நாக்கு, மை, தாள். தம்பி நூறு பேரைக் கூட்டிவந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. உயர்ந்த கை போனது.

"உங்களைப் பத்தி..."

இப்போது மிகவும் தூரத்தில். கிணற்றுக்குள் இருந்து வருவது போல. மூச்சு வாங்கினாள். ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

படத்தில் திறந்திருந்த அவள் வாயை மூடினார். ஒரு புள்ளி.

குரல் நின்றது.

கண்கள் பாக்கி. இரண்டு புள்ளி. முடிந்தது.

தள்ளி நின்று பார்த்தார். வெறும் நடைபாதை. அவர் வாழ்நாளில் செய்ததிலேயே சுத்தமான வேலை. பெருமையில் கண் கலங்கியது. அப்போதுதான் அந்தத் தளம் முழுக்க எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உறைத்தது. இயந்திரத்தின் முனகல். மழை. வேறில்லை. சரசரப்பு இல்லை.

அவளைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

எஸ்கலேட்டர் படத்தில் யாரும் இல்லை. சுரங்கப்பாதையில் யாரும் இல்லை. முதல் அறையின் பெஞ்சில் அவள் கைப்பை, அதன்மேல் மடித்துவைத்த கைக்குட்டை. படிக்கட்டுப் படத்தின் அடியில் இருட்டு மட்டும், அப்பழுக்கில்லாமல். தரையில் ஈரக் கால்தடம் முன்னுரைச் சுவரிலிருந்து அந்தப் படம் வரைக்கும் வந்திருந்தது. கடைசித் தடத்தின் நுனி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

"அந்தம்மா வெளிய வரலையே," என்றாள் காவலாளி. "இருக்கறது இந்த ஒரு வாசல்தான். நான் எந்திரிக்கவே இல்ல."

அவர் பார்வை சுவரில் விழுந்தது. முன்னுரையின் கடைசி வரி.

'இந்தப் படங்களில் ஆள் இல்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொன்றிலும் என் அண்ணன் இருக்கிறார். அவர்தான் எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். இருக்கும் இடம் தெரியாமல் இருப்பது அவர் கலை.'

இதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று முறை.

கடைசி அறைக்கு ஓடினார். நடைபாதை. கதவுகள். அவள் நின்ற இடத்தை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் துடைத்தார். மை தாளில் ஊறிவிட்டிருந்தது. அவருக்குத் தெரியும், ஊறிய மை வராது. விரலால் தடவினார். தாள் குளிர்ந்திருந்தது. தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மட்டும் வெதுவெதுப்பு. கட்டைவிரல் நீளத்துக்கு.

அந்த வெதுவெதுப்பு அசைந்தது.

டப்பியின் மூடிக்குள் பாதி பிளேடு இருந்தது. சுரண்டக் கூடாது. சுரண்டினால் போனது வராது. முப்பது வருடமாக அவர் சொல்லிவந்தது. வேறு என்ன இருக்கிறது? வேறு என்ன செய்வது? நுனியை வைத்தார். மெல்ல இழுத்தார்.

"மெதுவாங்க," என்றாள் தாளுக்கு உள்ளிருந்து. பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவளைப் போல, பொறுமையாக. "அது கண்ணு."

சுரண்டிய கீறலில் ஒரு சொட்டு கோத்து நின்றது. கறுப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லாமே கறுப்புதான். மைதான். மையாகத்தான் இருக்க வேண்டும். சொட்டு உடைந்து, நடைபாதை வழியாக, கதவுகளைத் தாண்டி, அவர் விரலில் இறங்கியது.

பழக்கம். விரல் தானாக நாக்குக்குப் போனது.

மை கசக்கும். இது உப்புக் கரித்தது.