மேற்படி

காலை பத்து மணிக்குத் துடைத்த மேசை பதினொன்றுக்கே தூள் படிந்து வெளுத்துக் கிடந்தது. கட்டட மேற்பார்வையாளரான இவளுக்குத் துப்புரவு அக்கா மேல்தான் முதல் சந்தேகம். ஆனால் அந்த அக்கா ஈரத்துணியும் கையுமாக எதிரிலேயே நின்றாள்.

"துடைக்கத் துடைக்க விழுதும்மா. மேலேர்ந்து."

தலைக்கு மேல், பொய்க்கூரைக்குள், யாரோ நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம் மெல்லத் தொடங்கி, நின்று, இவள் காது கொடுத்ததும் மறுபடி தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் காப்பகம். ஊழியர்களின் பிள்ளைகளோடு இவள் மகள் சுண்டுவும் அங்கேதான். எலியாக இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், எங்கெங்கே இருக்கிறது என்று குறிக்கும் பதிவேட்டை எடுத்தாள். 'மாடி அலுவலகம்: கூரை திறந்து பார்க்கப்பட்டது, கல்நார் இல்லை.' அடுத்த வரி: 'காப்பகம்: மேற்படி.' அவள் கையெழுத்தேதான். சோதனை செய்த அன்று காப்பகச் சாவி கிடைக்கவில்லை. திறந்து பார்க்காத இடத்தில் கல்நார் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதன் தூள் நெஞ்சுக்குள் போனால் இருபது, முப்பது வருடம் கழித்து ஆளைத் தின்னும். அது தெரிந்தும் சோம்பல்பட்டு ஒரே வார்த்தையில் காரியத்தை முடித்திருந்தாள்.

வெளியே ஏணியடியில் ஏசி மெக்கானிக் சாவகாசமாகக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு மேல கை வச்சீங்க?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? வேலைக்கு முன்னாடி பதிவேட்டைப் பார்க்கணும்னு சொன்னதே நீங்கதான். பார்த்தேன், இல்லைன்னு போட்டிருந்துச்சு. காப்பகத்துக்கு மேல துளை போட்டேன். பத்தரைக்கே இறங்கிட்டேனே!"

சுரண்டல் நிற்கவில்லை.

"அப்போ மேல யாரு?"

அவர் அண்ணாந்து பார்த்தார்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள். மக்கிய சாக்கு வாசம். இருட்டு. கைபேசி வெளிச்சத்தில் காப்பகத்துக்கு மேலிருந்த சாம்பல் நிறக் கல்நார்ப் பலகை, நடுவில் தட்டு அகலத்துக்கு ஓட்டை. ஓரமெல்லாம் பஞ்சாகப் பிரிந்து நின்றது. பக்கத்தில் யாருமில்லை. காற்றுமில்லை. ஆனாலும் அந்த ஓரம் தானாக அரிபட்டுக்கொண்டிருந்தது. சர்ர்ர். சர்ர்ர்.

கீழே பிள்ளைகளின் சிரிப்பு.

ஓட்டை வழியே பார்த்தாள். ஜன்னல் வெயில். வெயிலில் மினுமினுவென்று இறங்கும் தூள். அதற்கு நேர் கீழே சுண்டு, தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, நாக்கை நீட்டிக்கொண்டு.