பட்டியலில் மூன்றாவது பெயர்

மின்னஞ்சல் பக்கத்தில் எப்போதும் இரண்டு பெயர்கள்தான் விரியும். ஒன்று அவளுடையது, மற்றது கணவனுடையது. இன்று உள்நுழையும் கட்டத்தைத் தொட்டதும் மூன்று பெயர்கள் விரிந்தன. மூன்றாவது, சின்னு.

டாக்டர்கள் பேசிப் பதிந்த குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு, ஸ்டூலில் மடிக்கணினியை வைத்து, ஹெட்போனால் காதை அடைத்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக், ஒற்றை விரலால் தட்டுகிற ஆள். அந்த மனுஷனுக்கு ஒரு சின்னுவா?

சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறந்து, சின்னுவுக்கு எதிரே இருந்த கண் படத்தை அழுத்தினாள். பாஸ்வேர்டை மறைத்திருந்த புள்ளிகள் எழுத்துகளாயின. இந்த வீட்டு வழக்கப்படியே ஆங்கில எழுத்தில் தமிழ்.

அவ பாக்க மாட்டா.

உடனே போன் போட்டாள்.

“யாருங்க அந்தச் சின்னு?”

“எந்தச் சின்னு? லிஃப்ட் மேல நிக்கறேன்மா.”

“ஒண்ணும் தெரியாத மாதிரி பேசாதீங்க. நம்ம கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு போட்டு வச்சிருக்கீங்களே!”

“அதைத் தொட்டே ஒரு மாசமாச்சு. என் பாஸ்வேர்டே எனக்கு ஞாபகமில்ல, அதுவா ரொப்பிக்குது. இதுல இன்னொண்ணு வேறயா?”

பூசி மெழுகுகிறான் என்று நினைத்துக்கொண்டே மறுபடி கண்ணை அழுத்தினாள். சொற்கள் மாறியிருந்தன.

அவ குளிக்கறா.

பக்கத்திலேயே அதைச் சேமித்த நேரம் இருந்தது. இன்று, பதினொன்று இருபது. கணவன் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டான். பதினொன்று இருபதுக்கு அவள் குளித்துக்கொண்டிருந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை, இப்போது வெறும் பயம்தான்.

எழுந்து போய்ப் பார்த்தாள். வாசல் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, குளியலறையில் ஈரத்துண்டின் முடை வாசனை, திரைச்சீலைக்குப் பின்னால் மேகமூட்டத்தின் மங்கல் வெளிச்சம், பீரோவுக்குள் துணிகள், துணிகளுக்குப் பின்னால் மரப்பலகை. யாருமில்லை. தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

மறுபடி கண்.

ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாது. காட்டில் கீழ என்று படித்தாள். எந்தக் காட்டில்? ஊர் பேரா, கிறுக்கா? டாக்டர்களின் முணுமுணுப்பையே பிரித்துக் கேட்கிறவள். உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

காட்டில் இல்லை.

கட்டில்.

மின்விசிறி சுற்றியது. மெத்தைக்கு அடியிலிருந்து பழைய பஞ்சின் வாடை மேலே வந்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். கதவுக்கு ஏழெட்டு அடிதான். ஓடிவிடலாம். எழுந்தால் போதும்.

திரையில் எழுத்துகள் அழிந்தன. அவள் எதையும் தொடவில்லை. புதிதாக வந்தது.

காலத் தூக்காத.

தூக்கவில்லை.

சின்னுவுக்கு எதிரே கட்டம் காலியானது. வலது கணுக்காலில், எலும்பின் மேல், ஒரு விரல் மெதுவாகத் தட்டியது. சில்லென்ற விரல்.

திரையில் ஒரு புள்ளி.

இன்னொரு தட்டு.

இன்னொரு புள்ளி.