பக்கத்தில் உட்கார்ந்தவள்

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கூந்தல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தரையில் மட்டும் ஈரமே இல்லை. தங்கபுஷ்பம் அதைக் கவனிக்கத்தான் செய்தாள். சாரல் காலத்தில் தென்காசி மாலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடுதான் வருவார்கள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

குற்றாலத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. சீசன் தொடங்கியதிலிருந்து உட்கார்ந்து சாப்பிட்ட நினைவே இல்லை. கால் இரண்டும் உலக்கையாய்க் கனத்தன. மகள் ஜெஸிக்குப் பிறந்தநாள் துணி எடுக்கவென்று கெஞ்சி வாங்கிய லீவு இது. உள்ளே நுழைந்ததுமே, "நீங்க ரெண்டு பேரும் மேல போய்ப் பாருங்க, நான் இங்கன இருக்கேன்" என்று புருஷன் சாமையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டு, எஸ்கலேட்டருக்கு எதிரே பெஞ்சில் சரிந்துவிட்டாள்.

உட்கார்ந்தபின் வேடிக்கைக்கா பஞ்சம்? பாப்கார்ன் வெண்ணெய் வாசனையும் குளித்து வந்தவர்கள் மேலிருந்த மசாஜ் எண்ணெய் வாசனையும் கலந்து வீச, வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகரும் படியில் கால்வைக்கத் தயங்கும் பெரியவரையும், முதுகில் கைகொடுத்து அவரைத் தள்ளும் மருமகளையும், கைக்குழந்தைக்குக் கடைக் கண்ணாடியில் அதன் முகத்தையே காட்டிச் சிரிக்க வைக்கும் தகப்பனையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தவளும் பார்த்தாள். அவளைத்தான் போகிற வருகிற ஒருவரும் பார்க்கவில்லை.

"மேல போனது உங்க பிள்ளையா?"

"ஆமா. ஜெஸி."

நம் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஊர்க்கதை பேசாமல் எழுந்திருப்பார்களா? அவள் கேட்கக் கேட்க, தங்கபுஷ்பம் சொல்லிக்கொண்டே போனாள். பிள்ளை என்ன படிக்கிறாள், எதை விரும்பிச் சாப்பிடுவாள், எதற்குப் பயப்படுவாள் என்றெல்லாம்.

"எங் கழுத்தக் கட்டிக்கிட்டாத்தான் தூங்குவா."

"வீட்டுக்காரரு?"

"தங்கமான மனுசன். பேரு சாம்."

"ரொம்ப அலுத்துட்டிய போல."

தங்கபுஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. "எந்திக்கவே மனசில்லக்கா. இப்படியே இருந்துரலாம் போல இருக்கு."

"அப்ப இருங்க. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. இந்தா வந்துருதேன்."

"சரி, போய்ட்டு வாங்க."

பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் இங்கே யாருக்கு உண்டு? அவள் எஸ்கலேட்டரில் ஏறினாள். பாதி வழியிலேயே அவள் தலை காய்ந்திருந்தது.

நேரம் போயிற்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெளிச்சம் மங்கியது. எங்கிருந்தோ பாசி வாசனை வந்தது. தங்கபுஷ்பம் பையை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

தரை துடைக்கிறவள் வந்தாள்.

"யம்மா, மணி என்ன?"

அவள் திரும்பவில்லை. தங்கபுஷ்பத்தின் பாதத்தின் மேலேயே துடைப்பானை இழுத்துக்கொண்டு போனாள். ஒன்றும் படவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. கை வரவில்லை. என் பிள்ளை எங்கே?

அப்போது இறங்கி வந்தார்கள். சாம் ஒரு பக்கம். புதுச் சட்டையில் ஜெஸி ஒரு பக்கம். நடுவில், பையைக் கொடுத்துவிட்டுப் போனவள்.

சாம் அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஜெஸி அவள் இடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்தாள்.

"ஜெஸி! ஏட்டி ஜெஸி!"

ஜெஸி மட்டும் நின்றாள். பெஞ்சைப் பார்த்தாள். தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல் கூச்சத்தோடு பார்த்தாள்.

"எம்மா, அந்த அத்தைக்கு எம் பேரு எப்படித் தெரியும்?"

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். பிள்ளை கேட்டது அவளிடம் இல்லை.

"எந்த அத்தை? அங்கன யாருமில்லையேட்டி" என்றான் சாம்.

நடுவில் நின்றவள் குனிந்து பிள்ளையின் காதோடு சொன்னாள்.

"நாந்தான் சொன்னேன். பாவம், அவியளுக்கு ரொம்ப அலுப்பு. டாட்டா காட்டு."

ஜெஸி கையை ஆட்டினாள்.