நான்காவது பலகை

காலை 11.40. உறைக்குள் படம் இல்லை.

நர்ஸ் உறையைக் கவிழ்த்து உதறினாள். ஒரு தாள் மட்டும் விழுந்தது. மடியில் கைக்குழந்தையுடன் ஒரு பெண். சாம்பல் நிறம். பெண்ணின் முகத்தில் பாதி, மை அப்பி இருட்டாக இருந்தது.

"இது ஜெராக்ஸ். என் படம் எங்க?"

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே மழை. உள்ளே மூன்று மின்விசிறிகள் சுற்றின.

"அம்மாவோட ஒரே படம் அது. மடியில இருக்கிறது நான். எட்டு மாசம். அதுக்கப்புறம் அவங்களை யாரும் படம் எடுக்கல. எடுக்க அவங்க இல்ல."

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றாள். எழுந்து நிற்க ஒரு காரணம் கிடைக்காதா என்று காலையிலிருந்து காத்திருந்தவள். ரத்த அழுத்தம் என்று டாக்டர் இரண்டு வாரம் விடுப்பில் உட்கார வைத்திருந்தார். நான்காம் நாள் வீட்டில் இருந்த டப்பாக்களையெல்லாம் உயர வரிசையில் அடுக்கி முடித்துவிட்டாள். அப்போதுதான் தங்கை கூப்பிட்டாள். "சனி ஞாயிறு என் கேம்புக்கு வாக்கா. கையில பசை ஒட்டினா கால் சும்மா இருக்கும்."

கால் சும்மா இருக்கவில்லை. மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

கேம்ப் என்பது வாடகைக்கு எடுத்த ஒரு பங்களா. கூடம், சாப்பாட்டு அறை, ஜெராக்ஸ் மிஷின் வைத்த அலுவலக அறை. மரம், துணி, கம்பி, பழைய படம் எல்லாவற்றையும் ஒரே பலகையில் சேர்க்கும் கலையைத் தங்கை இங்கே கற்றுக்கொடுத்தாள். பள்ளிக்கூட வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. இதுதான் முதல் வகுப்பு. இது கெட்டால் இரண்டாவது கிடையாது.

"யாரும் வெளிய போக வேணாம்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"அக்கா, இது ஸ்டேஷன் இல்ல." தங்கை சொல்லிக்கொண்டே தன் பலகை மேல் ஈரத் துண்டு ஒன்றைப் போர்த்தினாள். மேசையைத் துடைத்தாள். தூரிகைகளை அடுக்கினாள். கை எதையாவது செய்யாமல் அவளால் பேச முடியாது.

"படம் எவ்வளவு பெரிசு?"

"அரைத் தாள். எல்லாருமே அந்த அளவுதான் கொண்டு வரணும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள் நர்ஸ். "ஸ்டுடியோவுல எடுத்தது. கெட்டியா இருக்கும்."

"பின்னாடி ஏதாவது எழுதியிருந்துதா?"

"வெறும் வெள்ளை. எழுதறதுக்கு யாரு இருந்தா?"

11.50. எல்லாரையும் சாப்பாட்டு அறைக்கு அனுப்பிவிட்டு இன்ஸ்பெக்டர் கூடத்தைப் பூட்டினாள். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

முதலில் டெய்லரம்மா. சொந்தக் கடை. பேசும்போது எதிரில் இருப்பவரின் தோளை அளவெடுப்பது போலப் பார்ப்பார்.

"காலையில நடந்ததைச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? எட்டே முக்காலுக்கு டீச்சர் எல்லாரோட படத்தையும் வாங்கிட்டுப் போய் ஜெராக்ஸ் எடுத்தாங்க. படமும் ஜெராக்ஸுமா உறையில போட்டு, பேர் எழுதி, அவங்கவங்க மேசையில வெச்சாங்க. பத்தரைக்கு அவங்க பலகையில ஒட்டிக் காட்டினாங்க. பலகை பூரா பசை மாதிரி ஒரு ஜெல். அது மேல ஜெராக்ஸ், முகம் கீழ. காஞ்சதும் தண்ணி தொட்டுத் தாளைத் தேய்ச்சு எடுத்தா, மை மட்டும் மரத்துல நிக்குமாம்."

"காய எவ்வளவு நேரம்?"

"மழையா இருக்கே. நாலு மணிக்குத் தேய்க்கலாம்னாங்க. காஞ்சா அவ்வளவுதானாம், அப்புறம் பிரிக்கவே முடியாது." டெய்லரம்மா பெருமூச்சு விட்டார். "என் தாள் துவைச்சுப் போட்ட காட்டன் மாதிரி சுருங்கிப் போச்சு. உங்களோடதும் அப்படித்தான், கோவிச்சுக்காதீங்க. டீச்சர் ஒட்டினதைப் பாத்தீங்களா? இஸ்திரி போட்ட மாதிரி. ஒரு சுருக்கம் கிடையாது. கைன்னா அது கை."

"நர்ஸ் ஒட்டலையா?"

"அவங்க எங்க ஒட்டினாங்க? ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் மேல போன். வராண்டாவுலயே நின்னாங்க."

அடுத்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். உட்காரவில்லை.

"நேரத்தை வீணாக்காதீங்க மேடம். பதினொண்ணேகாலுக்குப் பெருக்கற அம்மா உள்ள வந்தாங்க. கூடையை எடுத்தாங்க, போனாங்க. எங்க நாலு பேரைத் தவிர உள்ள வந்தது அவங்க ஒருத்தர்தான்."

"டீச்சரைச் சேர்த்தா அஞ்சு பேர் சார்."

"டீச்சரைப் போய் எதுக்குச் சேர்க்கணும்?"

பெருக்கும் அம்மா கதவருகிலேயே நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் இன்னும் துடைப்பம்.

"குப்பைக் கூடையைத்தான் மேடம் எடுத்தேன். கொட்டிட்டுக் காலிக் கூடையைத் திரும்ப வெச்சேன். மேசையில எதையும் தொடல. தொடக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"பையைப் பாருங்க மேடம்" என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் யோசிக்கவில்லை. பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள். ஒரு சீப்பு. மாத்திரை அட்டை. மாற்று ரவிக்கை. காகிதத்தில் சுற்றிய நாலு பிஸ்கட்.

"காலையில டீயோட கொடுத்தது" என்றார் அந்த அம்மா. "நான் திங்கல. எடுத்து வெச்சேன்."

எல்லாரும் பிஸ்கட்டைப் பார்த்தார்கள். தங்கை சுவரோரம் நின்று தரையைப் பார்த்தாள். அதற்குள் வாத்தியார் பங்களா மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டார். பொருள் கிடைக்காவிட்டால் அந்த அம்மா நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பதில் வந்தது.

12.35. பின்கட்டில் குப்பை மூட்டையை இன்ஸ்பெக்டர் மழையில் நின்றபடியே கிளறினாள். ஆரஞ்சுத் தோல், பஞ்சு, நூல். படம் இல்லை. திரும்பி வந்தபோது தங்கை வழியில் நின்றாள்.

"அக்கா, சாவியைக் கொடு. ரெண்டு நிமிஷம். பலகைங்களைக் கொஞ்சம் பார்க்கணும்."

"ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டுட்ட. விசாரணை முடியட்டும்."

"முடியறதுக்குள்ள..." தங்கை நிறுத்திக்கொண்டாள்.

"முடியறதுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

12.55. இன்ஸ்பெக்டர் தனியாகக் கூடத்துக்குள் போனாள். மூன்று பலகைகள் மின்விசிறிக்கு அடியில் கிடந்தன. ஊறிச் சுருங்கிய தாள்கள் வழியே படங்கள் நிழலாகத் தெரிந்தன. வாத்தியாரின் பேரன். டெய்லரம்மாவின் முதல் தையல் மிஷின். தன்னுடைய பழைய ஜீப். நான்காவது பலகை ஈரத் துண்டுக்கு அடியில்.

மேசைகள், இழுப்பறைகள், ஜன்னல் விளிம்புகள். ஒன்றுமில்லை. கடைசியில் கூடையைப் பார்த்தாள். ஒரே ஒரு தாள் கிடந்தது. நான்காக மடித்தது. பிரித்தாள். ஒரு வேப்பமரத்தின் ஜெராக்ஸ். கறையில்லை, கிழிசல் இல்லை. ஒட்டப்படாத தாள்.

கூடை பதினொன்றேகாலுக்குக் காலியானது. அறை பதினொன்று ஐம்பதுக்குப் பூட்டப்பட்டது.

அவள் அலுவலக அறைக்குப் போனாள். உட்காராமல், ஜெராக்ஸ் மிஷின் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு திரையைத் தட்டினாள். இன்று எடுத்த நகல்கள்: 5.

1.25. சாப்பாட்டு அறை.

"சார், ஒரு கணக்கு. ஜெராக்ஸ் மொத்தம் அஞ்சு. நீங்க, டெய்லரம்மா, நான். மூணு பேரும் ஆளுக்கொண்ணு ஒட்டிட்டோம். நர்ஸோடது உறையிலயே இருக்கு. இன்னொண்ணு குப்பைக் கூடையில கிடந்தது. மிச்சம்?"

"பூஜ்யம். இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

"தாள் ஒட்டின பலகை எத்தனை?"

"மூணு." வாத்தியார் நிமிர்ந்தார். "இல்ல, நாலு." மேசை மேல் விரலால் ஏதோ எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். "விடை தப்பா வருதே மேடம்."

இன்ஸ்பெக்டரின் கால் ஆடுவதை நிறுத்தியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

1.40. கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். பெருக்கும் அம்மாவையும் உள்ளே வரச் சொன்னாள் இன்ஸ்பெக்டர். ஈரத் துண்டை எடுத்தாள். தாள் வழவழப்பாக, வெள்ளையாக, பலகையோடு படிந்து கிடந்தது.

"டீச்சர், இதுக்கு அடியில என்ன இருக்கு?"

அக்கா தன்னை டீச்சர் என்று கூப்பிட்டதும் தங்கைக்குத் தெரிந்துவிட்டது.

"என் வேப்பமரம்" என்றாள், இருந்தாலும்.

"வேப்பமரம் என் கையில இருக்கு." இன்ஸ்பெக்டர் தாளைப் பிரித்துக் காட்டினாள். "படத்தை எடுத்தது நீ. ஆனா பேச்சு அப்புறம். முதல்ல இதைப் பிரிக்கணும். முடியுமா?"

"நடுவுல ஈரம் இருக்கும். அதுக்குத்தான் துண்டு போட்டேன்." தங்கை குனிந்து பலகையைப் பார்த்தாள். "கீழ் ஓரத்துல துண்டு விலகியிருந்துது. அங்க பிடிச்சிருக்கும்."

அவள் கையை நீட்டினாள். நர்ஸ் அந்தக் கையை மெதுவாக ஒதுக்கினாள்.

"தள்ளுங்க. புண்ணோட ஒட்டின கட்டைப் பிரிக்கிறதுதான் தினமும் என் வேலை. யாராவது தண்ணி கொண்டு வாங்க. பஞ்சு."

தண்ணீரைக் கொண்டுவந்தது பெருக்கும் அம்மா.

நர்ஸ் மேல் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். காத்திருந்தாள். ஒரு மூலையைத் தூக்கினாள். மேலே இழுக்கவில்லை. தாளைத் தன் மீதே திருப்பி, பலகையை ஒட்டியே, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" டெய்லரம்மா கிசுகிசுத்தார்.

"நீங்கதான் சொன்னீங்க. சுருக்கமே இல்லைன்னு. ஜெராக்ஸ் தாள் மெல்லிசு, ஈரம் பட்டா சுருங்கும், படமும் நிழலாத் தெரியும். நம்ம மூணு பேரோடதும் அப்படித்தான். இவளோடது மட்டும் நேரா நின்னுது. நானும் கைப்பழக்கம்னு நெனச்சேன். கை இல்ல, தாள். கெட்டி ஸ்டுடியோத் தாள். ஜெராக்ஸ் அஞ்சுக்கும் கணக்கு வந்தப்புறம், நாலாவது பலகையில இருக்கிறது ஜெராக்ஸா இருக்க வழியில்ல."

"வேணும்னே செய்யல" என்றாள் தங்கை. "மிஷின்லேர்ந்து எடுத்த படத்தை உறையில போடாம என் தாளோட வெச்சுட்டேன். எல்லாமே முகம் கீழ இருந்துது. கையுறை வேற. பேசிக்கிட்டே எடுத்து ஒட்டினேன். பதினொண்ணு நாப்பதுக்கு இவங்க உறையை உதறினப்போ பார்த்தா, வேப்பமரம் என் மேசையில கிடக்குது. மடிச்சுக் கூடையில போட்டுட்டேன்."

"அப்பவே சொல்லியிருந்தா ஈரத்தோட எடுத்திருக்கலாம். ஏன் சொல்லல?"

"நீ எழுந்து நின்னுட்ட."

இன்ஸ்பெக்டர் வேப்பமரத் தாளை மேசையில் வைத்தாள்.

"நீ எழுந்து நிக்கறதுக்கு முன்னாடி அது கைத்தவறு. நின்னதும் திருட்டு ஆயிடுச்சு. சின்ன வயசுலேர்ந்து ஒளிக்கிறது நான், கண்டுபிடிக்கிறது நீ. எல்லாரும் சாப்பிடப் போனதும் நானே எடுத்துடலாம்னு நெனச்சேன். நீ பூட்டிட்ட. மூணு தடவை சாவி கேட்டேன்."

இன்ஸ்பெக்டர் பைக்குள் கையை விட்டாள். சாவி சூடாக இருந்தது. கூடத்தைப் பூட்டி ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

"பூட்டினது என் தப்பு" என்றாள். "ஒட்டினது உன் கைத்தவறு. ரெண்டையும் விட்டுடலாம். இந்த அம்மா பையை எல்லார் முன்னாடியும் கொட்டினப்போ நீ பேசாம நின்ன பாரு. நீதான்னு எல்லார் முன்னாடியும் சொன்னது அதுக்குத்தான்."

"கொட்டினது நீங்கதானே மேடம்?" என்றார் பெருக்கும் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. விவரம் சரியாக இருக்க வேண்டும் என்பது போலச் சொன்னார்.

"ஆமாம். நான்தான். மன்னிச்சிடுங்க."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படியாக, "நான் தப்பாச் சொல்லிட்டேன், இங்க எதுவும் திருடு போகல" என்றார். அந்த அம்மா கடைசி வார்த்தை வரை கேட்டுவிட்டுத்தான் தலையசைத்தார்.

தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"சும்மா இருங்க" என்றாள் நர்ஸ், யாரையும் பார்க்காமல். "ஓரம் வந்துடுச்சு."

2.05. கீழ் ஓரம் பிடித்திருந்தது. நர்ஸ் இன்னும் தண்ணீர் விட்டாள். மூச்சை அடக்கினாள். தாள் விட்டது. கூடவே, தோல் உரிவது போல ஒரு மெல்லிய சத்தம்.

அவள் படத்தைத் திருப்பினாள். வலது கன்னத்தில் ஒரு கீறல். மற்றபடி அம்மாவின் முகம் முழுசாக இருந்தது. கழுத்து, தோள், வளைந்த கைகள் எல்லாம் இருந்தன. கைகளுக்கு நடுவில் மட்டும் வெறும் வெள்ளை. குழந்தை பலகையோடு போய்விட்டது. மரத்தில், இடம் வலம் மாறி, பசைக்குள் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தது.

டெய்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தங்கை அழ ஆரம்பித்தாள்.

நர்ஸ் வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஓரத்தில் ஒட்டியிருந்த ஜெல்லை வழித்தாள்.

"அம்மா வந்துட்டாங்க. போனது நான்தானே? நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். பிறகு தங்கையைப் பார்த்து, "அழறதை நிறுத்துங்க டீச்சர். இதை எப்படிக் காய வைக்கணும்? சொல்லிக்கொடுங்க" என்றாள்.