மூச்சு விடும் இடம்

அவன் யாருடைய குரலையும் பதிவு செய்திருக்கவில்லை. ஆனாலும் பாட்டின் முதல் அடி முடிந்த இடத்தில், ஸ்பீக்கரிலிருந்து யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

மறுபடி ஓடவிட்டான். பியானோ, அதன் அடியில் செல்லோ வாத்தியங்களின் கனத்த முனகல், அதற்கும் அடியில் அந்த மூச்சு. நீளமாக, தொண்டையில் சளி உரச, வெகுநாள் தாகத்தோடு. வெளிச்சத்தம் நுழையாமலிருக்க ஜன்னல்களில் அடித்திருந்த கம்பளிகள் மாலை வெயிலை விழுங்கி, அறையைத் தவிட்டு நிறமாக்கியிருந்தன. கம்பளி வாடையும் சூடேறிய வயரின் வாடையும் நாக்கில் ஒட்டின.

தலைமுறை தலைமுறையாக ஊர் கூடிப் பாடிய துதிப்பாட்டு அது. ஒவ்வொரு அடி முடிந்ததும் எல்லோரும் ஒரு கணம் நிறுத்துவார்கள். பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக அதை அமைத்தபோது, அந்த நிறுத்தங்கள் அவனுக்கு ஓட்டைகளாகத் தெரிந்தன. ஒன்று விடாமல் அடைத்துவிட்டான்.

அக்கா வந்தாள். அவன் எதை அமைத்தாலும் முதலில் பாடிப் பார்ப்பது அவள்தான். கொஞ்சம் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மூச்சு விடவே எடம் இல்லையேடா. நான் மனுஷியா, காத்தடிக்கிற பம்பா?"

"பம்பு இவ்வளவு பேசாதுக்கா. பாடு."

"அங்க நிறுத்தணும்டா. நிறுத்தலன்னா அம்மா தொடையில கிள்ளுவாங்க."

"ஏன்னு சொன்னாங்களா?"

"கிள்ளுனதுதான் ஞாபகம் இருக்கு."

சிரித்தபடியே பாடத் தொடங்கினாள்.

முதல் அடி இரண்டாவதில் இழைந்தது, இரண்டாவது மூன்றாவதில். அழகாக இருந்தது. கண்ணை மூடிக் கேட்டான். திறந்தபோது அவள் முகம் கருநீலமாகியிருந்தது.

"போதும்க்கா."

அவள் நிறுத்தவில்லை. கண்கள் மட்டும் அவனிடம் கெஞ்சின. கம்ப்யூட்டரை அணைத்தான். குரல் ஓயவில்லை. உள்ளே போக ஒரு துளிக் காற்றுக்கும் வழியில்லாமல் வெளியே மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்தினான். பற்கள் விரலில் இறங்கின. எலும்பில் உரசின. ரத்தத்தோடு சேர்ந்து பாட்டு அவன் விரலிடுக்கில் கசிந்தது, வெதுவெதுப்பாக. அறைந்தான். பலமாக அறைந்தான். அவள் மூக்கெலும்பு நொறுங்கியது.

சுருதி விலகவில்லை.

நிறுத்தம். அதைத் திருப்பிக் கொடுத்தால் பிழைப்பாள்.

பியானோவில் விழுந்தான். கடிபட்ட கையாலேயே பழைய முறையில் வாசித்தான். அடி முடிந்தது. கைகளைத் தூக்கினான்.

அவளும் நிறுத்தினாள்.

"இழு, அக்கா. மூச்சை இழு."

மூச்சு இழுபட்டது, ஸ்பீக்கரில் கேட்ட அதே சளி உரசலோடு. அவள் இழுக்கவில்லை. அவளுக்குள்ளிருந்து வேறு ஏதோ இழுத்தது. கழுத்தெலும்புகள் குழிந்தன. விலா எலும்புகள் உட்புறமாக ஒடியத் தொடங்கின. ஒன்று. இன்னொன்று. ஜன்னல் கம்பளிகள் அவளை நோக்கி உப்பின.

வாசித்தால் மூச்சடைத்துச் சாவாள். வாசிக்காவிட்டால்.

இன்னொரு எலும்பு.

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தாடை இறங்கியது. மேலும் இறங்கியது. கன்னங்கள் கிழிந்து, நெஞ்சில் இருந்த குழிவரை இறங்கியது. உள்ளே இருட்டில், வரிசை வரிசையாக, ஈரமான சின்னஞ்சிறு வாய்கள். எல்லாம் திறந்திருந்தன. அடுத்த அடிக்காக, அவன் தூக்கிய கை இறங்குவதற்காக, காத்திருந்தன.