இடது காது

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது கவிப்பிரியாவுக்கு எரிச்சலாக இருந்தது.

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு காது மருத்துவமனை. வருகிறவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது அவள் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டுவாள். வெளியே வந்து பட்டனை அமுக்குவாள். மெல்லிய ஒலி ஒன்று போகும். கேட்டால் கை தூக்க வேண்டும்.

வலது காது முடிந்தது. இடது காதில் ஒலியைக் குறைத்துக்கொண்டே போனாள். அவன் விடாமல் கை தூக்கினான். இவ்வளவு கூர்மையா... மனிதக் காதுக்கு? சந்தேகம் வந்தது. பட்டனைத் தொடாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

கை உயர்ந்தது.

கதவைத் திறந்தாள். "நான் அமுக்கவே இல்லீங்க. எதைக் கேட்டுக் கை தூக்குனீங்க?"

ஹெட்போனைக் கழற்றினான். பிடிபட்ட கண்கள்... ஆனாலும் சிரித்தன. "நீங்க அமுக்கறப்பல்லாம் புருவம் மேல போவுதுங்க மேடம்."

"இது கண்ணு டெஸ்ட் இல்லீங்க."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். மறுபடி சோதித்தாள். இந்த முறை கை எழவே இல்லை, ஒலியை நன்றாக ஏற்றும்வரை.

பெயர் வீரமணி. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறான். கூப்பிட்டால் திரும்பாத தம்பியை அக்கா சுகுணாதான் திட்டி அனுப்பியிருந்தாள்.

"ஹெட்போன் போடுவீங்களா?"

"வலது காது யாவாரிங்க போனுக்கு. இடது காதுல எந்நேரமும் பாட்டு. வண்டி சத்தத்துக்கு மேல கேக்கணும்ல... ஃபுல்லா வெச்சுருவேன்."

"அதான் பாதி போயிருச்சு. டாக்டரைப் பாருங்க. மிஷின் வெச்சா கேக்கும்."

சிரிப்பு நின்றது. "நல்லா கேக்குதுன்னு எழுதிக் குடுங்க மேடம். வூட்டுல பொண்ணு பாக்கறாங்க. செவுடனுக்கு யாரு குடுப்பா?"

"பொய் எழுத மாட்டேங்க."

"அப்ப எழுதவே வேணாம்." டாக்டரைப் பார்க்காமலே மழையில் இறங்கிப் போனான்.

போகட்டும்... எத்தனையோ பேர் வருகிறார்கள், போகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு எதிலும் மனம் நிலைகொள்ளவில்லை. வீட்டுக்குப் போகும் பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறியதும் ஹெட்போன் மாட்டிக்கொள்வது அவள் வழக்கம். பாட்டு போடமாட்டாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் பேச்சுக் கொடுக்காமல் இருக்க அது போதும். இப்போது அதுவும் உதவவில்லை. லோடு வண்டி ஹாரன் கேட்டால் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள். மிச்சக் காதையும் கெடுத்துக்கொள்வானே என்ற கவலை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பொண்ணு பார்த்துவிட்டார்களோ... இந்தக் கவலைக்கு என்ன பெயர்?

அடுத்த வாரமும் மழை. பஸ்ஸுக்குக் காத்து டீக்கடைக் கூரைக்குள் ஒதுங்கினாள். பக்கத்தில் வீரமணி. இடது பக்கம் வந்து நின்ற அவளை அவன் கவனிக்கவில்லை. கேட்காது அல்லவா... சொல்லிவிட்டால்தான் என்ன?

"உங்களையேதாங்க தேடிக்கிட்டு இருக்கேன்... உங்களைப் புடிச்சிருக்கு."

அவன் திரும்பினான். கடைசியாக அசைந்த உதடுகளை மட்டும் பார்த்தான். அவளைக் கண்டதும் கண்கள் விரிந்தன. அவசரமாகத் தலையாட்டினான். "ஆமாமாங்க மேடம். நல்ல மழை."

சிரிக்கவா, அழவா? பஸ் வந்தது. அவள் மழையில் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

"மேடம்... நில்லுங்க!"

நனைந்துகொண்டே ஓடிவந்தான். "நீங்க மழையைச் சொல்லலதான?"

அவள் பஸ்ஸில் ஏறாமல் திரும்பினாள்.

"எனக்கு இந்தக் காது கேக்காதுங்க." சத்தமாகவே சொன்னான். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை. "பொண்ணு வூட்டுல கேட்டதுக்கெல்லாம் காதுல விழாமலே தலையாட்டிட்டுத்தான் வந்தேன். உறுத்தல. உங்ககிட்ட தலையாட்டுனது தாங்கல. அக்காகிட்டயும் காது விஷயத்தைச் சொல்லிடறேன், டாக்டரையும் பாக்கறேன்... என்னா சொன்னீங்க?"

பஸ் கிளம்பிப் போனது.

அவள் அவனைச் சுற்றி வலது பக்கம் வந்தாள். குதிகாலை உயர்த்தினாள். சொன்னாள்.

மழை முகத்தில் வழிய அவன் அப்படியே நின்றான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஏன், கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க. அதான்."